மூச்சு விடும் வண்டி

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. "இனிமே அது எரிஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்று முந்தின நாள்தான் நாவுக்கரசு மனைவியிடம் சவால் விட்டிருந்தார். காலை வகுப்பை முடித்துக்கொண்டு வந்த பூங்கொடி வாசலில் காரை நிறுத்தி, சாவியை அவர் கையில் வைத்து, "எரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

என்ன பேர் வைக்கலாம் என்று அவள் கேலி செய்வாள் என எதிர்பார்த்து, அவர் ஒரு பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தார். அது வீணாயிற்று. ஐம்பதைத் தாண்டினால் மனுஷர்கள் கொஞ்சம் அடங்கித்தான் போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி அவளுக்குக் காபி போடப் போனார்.

கீழக்கொற்றூர் ரயில்வே சப்வேயை ஒட்டிய தெருவில் கடைசி வீடு அவர்களுடையது. முன்னறைதான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பூங்கொடி கற்றுக்கொடுப்பாள், வண்டியையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளையும் நாவுக்கரசு பார்த்துக்கொள்வார். ஊரில் ஓடுவதெல்லாம் மின்சார வண்டிகளாகிவிட்ட காலம் அது. கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாமல் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கியர் வண்டி உரிமம் கையில் இருந்தால் மதிப்பு அதிகம். அவர்களை நம்பித்தான் அந்தப் பழைய பெட்ரோல் கார் பிழைத்துக்கிடந்தது. அதில் கற்றுக்கொடுப்பவரின் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச், தலைக்கு மேல் தனியாக ஒரு கண்ணாடி.

கோளாறின் எண்ணைக் காட்டும் ஸ்கேனரைக் காரில் செருகிப் பார்த்தார். வழக்கமான எண்தான் வந்தது: நூற்று எழுபத்திரண்டு.

"என்னதான் சொல்லுது அது?" என்று படுத்தபடியே பூங்கொடி கேட்டாள்.

"மிக்சர் ரிச்சுன்னு சொல்லுது. எஞ்சினுக்குள்ள காத்தும் பெட்ரோலும் ஒரு கணக்கா கலக்கணும். காத்தை மீறிப் பெட்ரோல் போயிடுச்சுன்னா முழுசா எரியாது. புகைக்குழாய்ல ஒரு சென்சார் இருக்கு, அது மோந்து பாத்துக் கண்டுபிடிச்சுடும். நம்ம வீட்டுல அது ஒண்ணாவது ரிச்சா இருக்கட்டும்னு விட்டுடலாமா?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்ரோல் எங்கே அதிகமாகிறது என்று தேடுவதிலேயே அந்த மழைக்காலம் முழுவதும் கழிந்திருந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினார். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தார். சென்சாரே பொய் சொல்கிறதோ என்று அதையும் புதிதாகப் போட்டார். மெக்கானிக் பாலுவிடம் கொண்டுபோனால், அவன் மத்தியானம் ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, "வண்டி ஜம்முனு இருக்குண்ணே. நீங்க போயி ஒரு செக்கப் பண்ணிக்குங்க" என்பான். அவன் ஓட்டினால் விளக்கு எரிவதில்லை. நாவுக்கரசு சாயங்காலம் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனாலும் எரிவதில்லை. விடிகாலை வகுப்புக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் எரியும்.

அதனால் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஆளுங்க ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருக்காங்களோ? நீ கவனிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். இருபது வருஷமாக ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை. சாயங்காலம் அவளுக்குப் பிடித்த வெங்காயப் பக்கோடா வாங்கிவந்து தட்டில் கொட்டி எதிரே வைத்தார். ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு, தலை வலிக்கிறது என்று எழுந்து போனாள். சமாதானத்தைக்கூட முழுசாகச் சாப்பிட அவளுக்குத் தெம்பில்லை என்பது அவருக்கு உறுத்தியது.

காரின் சீட்டுக்கு அடியில் தலைவலி மாத்திரை அட்டைகள் கிடைத்தது அதற்கடுத்த வாரம்.

"எப்பலேர்ந்து இது?"

"காலையில மட்டும்தான் வருது. வெயில் ஏறினா போயிடும். கண்ணாடி மாத்தணும் போல."

"காலை வகுப்பை நிறுத்திடு கொடி."

"பிரிசில்லாவுக்கு டெஸ்ட் வருது. அந்த நர்ஸு நைட் டியூட்டி முடிச்சு அப்படியே வர்ற பொண்ணு. அவளுக்கு வேற எப்ப நேரம் இருக்கு? அவ முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சமீப வருஷங்களில் எதையும் வற்புறுத்தாமல் இருக்கப் பழகியிருந்தார்.

நிலோஃபர் கல்யாணப் பத்திரிகையோடு வந்தது ஒரு பிற்பகலில். பூங்கொடியிடம் கார் ஓட்டக் கற்றவள்; மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டு முதல் டெஸ்டில் தோற்று அழுதவள். இப்போது காத்துக் கிணற்றில் இன்ஜினியர்.

காத்துக் கிணறு என்பது ஊரார் வைத்த பெயர். தூரத்துத் தொழிற்சாலைகளின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துக் குழாயில் கொண்டுவந்து, எரிவாயு எடுத்துத் தீர்ந்துபோன பழைய கிணறுகளுக்குள் அழுத்திப் புதைக்கிற திட்டம். உலகம் சூடாகிக்கொண்டே போவதற்கு அது ஒரு மருந்து என்றார்கள். ஊருக்கும் நல்லதே நடந்தது. ஆஸ்பத்திரி வந்தது, தூர்வாரிக் கொடுத்த குளங்களில் தண்ணீர் நின்றது, வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலைக்குப் போனார்கள்.

"டீச்சர், முந்தின நாளே வந்துடணும். நீங்க இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்" என்றாள் நிலோஃபர். டீயைக் கையில் வாங்கிக்கொண்டே வாசலில் திறந்துகிடந்த காரைப் பார்த்தாள். "சாருக்கு இன்னும் அந்த வண்டியோட சண்டை தீரலையா?"

நாவுக்கரசுக்குப் பேச ஆள் கிடைத்த உற்சாகம். மழைக்காலக் கதை முழுவதையும் சொன்னார். "பெட்ரோல் எந்த வழியா அதிகமாப் போகுதுன்னு மட்டும் தெரியலைம்மா" என்று முடித்தார்.

"பெட்ரோல்தான் அதிகமாகணும்னு இல்லையே சார்" என்றாள் அவள் விளையாட்டாக. "காத்து கம்மியானாலும் அதே நம்பர்தான் வரும்."

"காத்து எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே?"

"காத்து ஒண்ணுதான். அதுல எரியறதுக்கு உதவுற பிராணவாயு இருக்கே, அதோட இடத்துல எரியாத வேற வாயு வந்து உக்காந்துக்கிச்சுன்னு வச்சுக்கோங்க. வண்டிக்கு அது தெரியாது. வழக்கமான காத்துன்னு நம்பி வழக்கமான பெட்ரோலை ஊத்தும். பாதி எரியாம..."

பாதியில் நிறுத்தினாள். டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், காலை வகுப்பு எங்க எடுக்குறீங்க?"

"சப்வேலதான். உனக்கு மேடு கத்துக்கொடுத்த அதே இடம். அடியில நிறுத்தி, ஹாஃப் கிளட்ச்சுல மேல ஏத்தணும். காலையிலதான் அங்க நெரிசல் இருக்காது."

"மத்த வண்டிங்க அங்க நிக்குமா?"

"யார் நிக்கறா? ரெண்டு நிமிஷத்துல கடந்து போயிடுவாங்க. எல்லாம் கரண்டு வண்டி, கண்ணாடி ஏத்திக்கிட்டுப் போகும்."

"கரண்டு வண்டி மூச்சு விடாது" என்றாள் நிலோஃபர் மெல்ல. எழுந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணு பாக்கணும் சார். ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். பாத்துட்டுச் சொல்றேன்."

கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று பூங்கொடி சொன்னாள். டீ ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலை பூங்கொடி பிரிசில்லாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சற்று நேரத்தில் நாவுக்கரசின் போன் அடித்தது. நிலோஃபரின் குரல் அடையாளமே தெரியவில்லை.

"சார், டீச்சர் எங்க?"

"வகுப்புக்குப் போயிட்டா. ஏம்மா?"

"உடனே நிறுத்துங்க. கிணத்துலேர்ந்து கசியுது. பழைய குழாய் ஒண்ணு ரயில்பாதைக்கு அடியில போகுது. நான் கிளம்பி வந்துட்டிருக்கேன்."

பூங்கொடியின் போன் மேசைமேல் கிடந்தது. நாவுக்கரசு செருப்பைப் போடாமல் ஓடினார். சப்வே கூப்பிடு தூரம்தான். மேலே நின்று பார்த்தால், காற்று அசையாத குளிர்ந்த காலை. அடியில், சுவரோரத்தில் கார் நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டும் சாய்ந்திருந்தன.

அவர் இறங்கப் போனார். காதில் ஒட்டியிருந்த போனில் நிலோஃபர் கத்தினாள். "இறங்காதீங்க சார். அது கனமான வாயு, அடியிலதான் தங்கும். ரெண்டு மூச்சு இழுத்தா நீங்களும் விழுந்துடுவீங்க. அப்புறம் டீச்சரை யார் தூக்கறது?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவர் காலை நிறுத்தியது. தன் உயிரைப் பற்றிச் சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டார்.

அப்போது பின்னால் பால் வேன் ஒன்று வந்தது. மின்சார வேன். நாவுக்கரசு குறுக்கே நின்று கையை விரித்தார். ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்றார்.

"கீழ விஷக் காத்து. என் சம்சாரம் மாட்டிக்கிட்டா. உங்க வண்டிக்கு மூச்சு வேணாம், அது நிக்காது. கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திட்டு, பின்னாலேர்ந்து அந்தக் காரை மெதுவா முட்டி மேல தள்ளுங்க. நடுவுல எதுக்கும் கதவைத் திறக்கக் கூடாது."

வேன்காரர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. "ஏறுங்க" என்றார்.

வேன் இறங்கியது. பம்பரோடு பம்பர் இடித்தது. கார் அரையடி நகர்ந்து, முரண்டு பிடித்து நின்றது. வேனின் சக்கரங்கள் ஈரச் சிமெண்டில் வழுக்கின.

"கியர்ல கிடக்கு சார். கிளட்ச்சை மிதிச்சாத்தான் நகரும்."

நாவுக்கரசு எட்டி ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். கையெட்டும் தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப்புறம், அவள் கொண்டையில் செருகிய கிளிப்கூடத் தெரிந்தது. கதவுப் பிடியில் தன் கை தானாகப் போனதை அவர் கவனித்து, அதை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். "கிளட்ச், கொடி, கிளட்ச்" என்று மூடிய வேனுக்குள் அவர் சொல்வது அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை.

அவள் தலை லேசாக நிமிர்ந்தது. அவளுக்கென்று வைத்த தனிக் கண்ணாடியில் அவள் கண்கள் பின்னால் பார்த்தன. என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பின்னால் யாரோ ஹாரன் அடித்தால் மாணவருக்கு முன்னால் தன் இடதுகாலால் கிளட்ச்சை அழுத்துவது அவளுடைய இருபது வருஷத்துப் பழக்கம். அழுத்தினாள். கார் சட்டென்று இலகுவாகி நகர்ந்தது. வேன் அதைத் தள்ளிக்கொண்டே மறுபக்க மேட்டில் ஏறியது. மேலே சாலையும் வெயிலும் வந்த பிறகுதான் அவர் கதவைத் திறந்து குதித்தார்.

இருவரையும் வெளியே இழுத்துப்போட்டார்கள். பிரிசில்லா இருமி, வாந்தியெடுத்து, முதலில் எழுந்து உட்கார்ந்தாள். நர்ஸ் அல்லவா, தலை சுற்றலோடேயே ஊர்ந்துவந்து டீச்சரின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "இருக்கு சார், நல்லா இருக்கு" என்றாள். பூங்கொடி கண் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புருஷனைப் பார்த்தவுடன் வறண்ட நாக்கால் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் ஆக்சிலேட்டரை மிதிக்கலங்க" என்பதுதான்.

"இல்லம்மா. நீ மிதிக்கல. யாருமே மிதிக்கல" என்றார் நாவுக்கரசு. நடுரோட்டில், பால்காரர் பார்க்க, அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிலோஃபர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் சப்வேயின் இரண்டு பக்கமும் தடுப்பு போட்டு, தெருவைக் காலிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். கல்யாணத்துக்கு ஒத்திகையாகக் கையில் இட்டிருந்த மருதாணி பாதியில் அழிந்திருந்தது.

"கசிவைக் கண்டுபிடிக்கிற உங்க மீட்டருக்கெல்லாம் இது தெரியாமப் போச்சாம்மா?"

"அது தானாக் கத்துக்கிற மீட்டர் சார். போன மாசம் என்ன இருந்ததோ அதுதான் சரின்னு எடுத்துக்கும். திடீர்னு ஏறினா கத்தும். கொஞ்சங் கொஞ்சமா ஏறினா, அதையே சகஜம்னு நினைச்சுக்கும். நேத்துப் போயி, விடிய விடிய உக்காந்து, அது கத்துக்கிட்டதையெல்லாம் ஒதுக்கிட்டு, முதல் வருஷத்துலேர்ந்து வெறும் அளவை மட்டும் எடுத்துப் பாத்தேன். வருஷக்கணக்கா ஏறிக்கிட்டே இருக்கு."

"என் வண்டிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதுவும் சரிக்கட்டிக்கிட்டேதான் வந்திருக்கும். பெட்ரோலைக் குறைச்சுக் குறைச்சு ஓட்டியிருக்கும். ஆனா வண்டியைச் செஞ்சவன் அதுக்கு ஒரு எல்லை வச்சிருக்கான். இதுக்கு மேல என்னால முடியாதுன்னு விளக்கைப் போட்டுடும். எங்க மீட்டருக்கு நாங்க அந்த எல்லையை வைக்கல."

அவள் அந்த வெறும் அளவுகளை அன்றைக்கே ஊர் பார்க்க வெளியிட்டாள். முதலில் நிர்வாகத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கிணற்றை மூடினார்கள். வீட்டுக்கு ஒருவராக வேலைக்குப் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொன்ன வாயே, இந்தப் பொண்ணு கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றும் சொன்னது. அவள் கல்யாணத்துக்குப் பாதி ஊர் வரவில்லை. மாப்பிள்ளையின் அண்ணனே கிணற்று வேலையை இழந்தவன். அவன் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தான். நிலோஃபர் கேட்டுக்கொண்டபடி பூங்கொடி முந்தின நாளே போய்விட்டாள்.

சப்வே ஓரத்துத் தெருக்காரர்கள் எல்லோரையும் பக்கத்து ஊரின் சமுதாயக் கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். உயரமான இடம், எந்நேரமும் காற்று. அங்கே போன சில வாரங்களில் ஒருநாள், குழாயடியிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டு நாவுக்கரசு விழித்தார். யாரோ ஒரு பெண் மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பது யார் என்று அவர் எழுந்து போய்ப் பார்த்தார். பூங்கொடி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியிடம் தன் புருஷனைப்போலவே நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பை அவர் மறந்தே போயிருந்தார். இல்லை, வயசாகிவிட்டது, அது முடிந்துபோன விஷயம் என்று அதை எப்போதோ வழியனுப்பி வைத்திருந்தார்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு, என்ன பாதிப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டார். மாடு செத்தது என்றார்கள், வேலை போனது என்றார்கள். நாவுக்கரசின் முறை வந்தபோது அவர் வண்டிக்குச் செய்த செலவைச் சொல்லலாம் என்றுதான் போனார். பூங்கொடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க, உங்களுக்கு என்ன பாதிப்பு?"

நாவுக்கரசு தொண்டையைச் செருமினார். செலவுக் கணக்குக்குப் பதிலாக வாயில் வேறு ஏதோ வந்தது.

"சார், என் சம்சாரம் சிரிக்கிறதை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்னு நினைச்சுட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவ பேச்சைக் குறைச்சா, நானும் குறைச்சுக்கிட்டேன். அப்படியே பழகிட்டேன். இந்த ஊருக்கு வந்தப்புறம்தான் அது அந்தக் காத்து பண்ணின வேலைன்னு தெரியுது. இதை எங்க எழுதுவீங்களோ, எழுதிக்குங்க."

அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"இது அநியாயம் சார்" என்றாள் பூங்கொடி. "இதையே நான் இவரைப் பத்திச் சொல்லணும்னு வந்திருக்கேன்."

நாவுக்கரசு திரும்பினார். "என்னைப் பத்தியா? எனக்கென்ன?"

"தினமும் காரைக் கழுவும்போது பாடுவீங்களே."

"நானா?"

"வேற யாரு? தெருவே ஜன்னலைச் சாத்திக்கும். கிணறு வந்து ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும், ஒருநாள் பாடாமக் கழுவினீங்க. உடம்புக்கு முடியலையோன்னு எட்டிப் பாத்தேன். மறுநாளும் பாடல. சரி, மனுஷனுக்கு வயசாயிடுச்சு, நச்சரிக்க வேணாம்னு விட்டுட்டேன்."

நாவுக்கரசு நினைவில் தேடிப் பார்த்தார். வாளி நினைவிருந்தது. மஞ்சள் துணி, டயரில் வழிகிற தண்ணீர், எல்லாம் இருந்தது. குரல் மட்டும் இல்லை. தான் பாடியதும் தெரியவில்லை, நிறுத்தியதும் தெரியவில்லை.

"என்ன பாட்டு?" என்று கேட்டார் பயந்துகொண்டே.

"இது என்ன கேள்வி. அந்தப் படகுப் பாட்டுதான்."

"படகுப் பாட்டா? அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காதே. நான் பாடியிருந்தா அந்த ரயில் பாட்டைத்தான் பாடியிருப்பேன்."

"ரயில் பாட்டு உங்களுக்கு ரெண்டு வரிகூடத் தெரியாது."

"தெரியாதா? நீ சொல்லு, தெரியாதா?"

"அப்பப் பாடிக் காட்டுங்க."

அவர் அங்கேயே தொடங்கினார். இரண்டாவது வரியில் வழி தவறி, எப்படியோ படகுப் பாட்டில் போய் ஏறினார். பூங்கொடி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"முழுசாப் பாடி முடிங்க," என்றார். "அப்புறம் எழுதிக்கிறேன்."